காரோ-கான் பயந்தவர்கள் ஆட்டமா?

வணக்கம்ங்க அண்ணா. பல்லடத்தில் விசைத்தறி ஓட்டுகிறேன். எட்டாவது படிக்கும் மகளுக்கு அவள் செஸ் கோச், கறுப்புக்காய் ஆடும்போது தொடங்கும் முறையான காரோ-கான் தற்காப்பைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். திருப்பூரில் நடந்த போட்டியில் எதிரே ஆடிய பையன் மூன்றாவது நகர்த்தலிலேயே சிப்பாயை இ5 கட்டத்துக்குத் தள்ளினான். இவளுக்குக் காய் நகர்த்தவே இடமில்லாமல் போய்த் தோற்றுவிட்டாள். காரோ-கான் பயந்தவர்கள் ஆட்டம், சிசிலியன் என்ற இன்னொரு தற்காப்புக்கு மாற்று என்கிறார்கள். மாற்றலாமுங்களா?

— வாசகர், பல்லடம்

அன்புள்ள நண்பருக்கு,

மாற்றாதீங்க. காரோ, கான் என்ற இரண்டு ஆட்டக்காரர்கள் ஆராய்ந்து 1886-இல் வெளியிட்ட தற்காப்பு இது. உலக சாம்பியன்கள் போட்வின்னிக்கும் கார்போவும் உலகப் பட்ட ஆட்டங்களில் நம்பி ஆடியது. அவர்களைப் பயந்தவர்கள் என்று யாரும் சொன்னதில்லை.

வெள்ளை இ4, கறுப்பு சி6. அப்புறம் டி4, டி5. பிரெஞ்சுத் தற்காப்பில் இ6 ஆடுவதால் சி8 பிஷப் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். காரோ-கானில் அதற்கு வழி திறந்திருக்கும். அதனால் வெள்ளை இ5 தள்ளியதும் முதலில் பிஷப் எஃப்5-க்கு வெளியே வரவேண்டும், இ6 அதற்குப் பிறகுதான். அம்மிணி அவசரப்பட்டு முதலிலேயே இ6 ஆடியிருப்பாள் என்பது என் ஊகம். பிறகு சி5 தள்ளி டி4 சிப்பாயை இடிக்க வேண்டும். சி-சிப்பாய் இரண்டு தவணையில் அங்கே போவதுதான் இந்தத் தற்காப்பில் நாம் கொடுக்கும் விலை. 1961 உலகப் பட்ட மறுபோட்டியில் மிகைல் தாலுக்கு எதிராக போட்வின்னிக் மூன்றாவது நகர்த்தலிலேயே சி5 ஆடியும் பார்த்தார்.

ஒரு கண்ணி மட்டும் ஜாக்கிரதை. பிஷப் எஃப்5 வந்ததும் வெள்ளை எச்4 ஆடலாம். கவனிக்காமல் இ6 வைத்தால் ஜி4 வரும். பிஷப் இ4-க்கு ஓடினால் எஃப்3, ஜி6-க்குத் திரும்பினால் எச்5. பிஷப் போச்சு! வெள்ளையின் எச்4-க்குப் பதிலடியாகக் கறுப்பு எச்5 ஆடிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

மற்ற கிளைகளுக்கு இப்போது அவசரமில்லை. சிப்பாய்களை வெட்டிக்கொண்டு சி4 தள்ளும் பானோவ் தாக்குதலில் வெள்ளைக்குப் பெரும்பாலும் டி4-இல் தனிச் சிப்பாய் நிற்கும். அதைக் குறிவைத்தால் போதும். வெள்ளைக் குதிரை சி3 வந்தால் இ4-ஐ வெட்டி, அந்தக் குதிரை இ4-இல் திருப்பி வெட்டியதும் பிஷப்பை எஃப்5-க்கு எடுக்கலாம். பிஷப்புக்குப் பதில் குதிரையை டி7-க்கு எடுப்பவர்கள், வெள்ளை ராணி இ2 வந்த பிறகு இன்னொரு குதிரையை எஃப்6-இல் வைத்தால் வெள்ளைக் குதிரை டி6, அதோடு மேட்!

சிசிலியனில் நாய்டார்ஃப், டிராகன் என்று கிளைகளை மனப்பாடம் செய்யவே ஒரு வருஷம் போய்விடும், பள்ளிக்கூடப் பாடம் வேறு இருக்கிறது. இந்த ஞாயிறு வெள்ளைக்காயை நீங்கள் எடுத்துக்கொண்டு எச்4 ஆடிப் பாருங்கள், அவள் என்ன செய்கிறாள் என்று எழுதுங்கள்.