சைக்கிள் ராக் மாட்டிய டிக்கி கதவு விழாமல் நிற்க என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் பழைய ஏழு சீட் வேனின் பின்கதவில் பெல்ட் போட்டுக் கட்டுகிற சைக்கிள் ராக் மாட்டியிருக்கிறோம். லீவு நாட்களில் பிள்ளைகளின் இரண்டு சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு ஏலகிரி போவோம். ராக்கோடு கதவைத் தூக்கினால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மெல்ல இறங்க ஆரம்பிக்கிறது. ஒரு முறை மாமியார் தலையில் இடித்துவிட்டது. இப்போதைக்குத் தரையிலிருந்து ஒரு சவுக்குக் கட்டையை முட்டுக் கொடுக்கிறோம். பவர் ஜாஸ்தியான டிக்கி ஷாக் (கதவைத் தூக்கிப் பிடிக்கும் வாயுத் தண்டு) போட்டுவிடலாம் என்கிறார் மெக்கானிக். போடலாமா? – காட்பாடி வாசகி

பதில்: ஷாக் மாற்றுவதை அவசரமாகச் செய்ய வேண்டாம். உங்கள் சவுக்குக் கட்டையின் யோசனை சரிதான், அது நிற்கிற இடம்தான் தவறு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சைக்கிள்கள் ராக்கில் தொங்கும்போது கதவைத் திறக்கவே கூடாது. எவ்வளவு நல்ல ஷாக் போட்டாலும் இதில் மாற்றம் இல்லை. கதவு மேலே போகும்போது பெல்ட்டின் இழுப்பு மாறும், ஹேண்டில்பார் திரும்பிக் கண்ணாடியில் இடிக்கும், சக்கரம் கூரையில் உரசும். ராக்கோடு வரும் தாளில் பெரும்பாலும் இது எழுதியே இருக்கும். நாம்தான் அட்டைப்பெட்டியோடு சேர்த்து அந்தத் தாளையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடுகிறோம். எனவே தண்ணீர், சாப்பாடு, முதலுதவிப் பெட்டி எல்லாம் நடு சீட்டில் இருக்கட்டும். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் டிக்கிக்குள் இருக்கும் வண்டியானால் அவற்றையும் கிளம்பும் முன்பே முன்னால் எடுத்து வையுங்கள். ஆம்பூர் பக்கம் ஹைவேயில் பஞ்சரானால், லாரிகள் உரசிப்போகும் ஓரத்தில் நின்று சைக்கிள்களை இறக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இனி காலி ராக்கோடு திறப்பதைப் பார்ப்போம். 10 கிலோ ராக் இவ்வளவு தொல்லை தருமா என்று தோன்றும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் அணைத்து வைப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கே நடப்பது. எடை எவ்வளவு என்பதோடு, அது கீலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் கணக்கு.

ஒரு உதாரணம். கதவு 30 கிலோ, அதன் எடை மையம் கீலிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30-ஐ 0.6 மீட்டரால் பெருக்கினால் 18. ஷாக் தள்ளுகிற கோடு கீலிலிருந்து 20 செ.மீ. தூரத்தில்தான் இருக்கிறது என்றால், 18-ஐ 0.2-ஆல் வகுக்க வேண்டும். 90 கிலோ வருகிறது. 30 கிலோ கதவைத் தாங்க இரண்டு ஷாக்கும் சேர்ந்து 90 கிலோ அளவுக்குத் தள்ள வேண்டும்! இதில் 10 கிலோ ராக்கை 70 செ.மீ. தள்ளி மாட்டினால் 18 என்பது 25 ஆகும். ஷாக்குகளின் சுமை 125 கிலோ. இரண்டு சைக்கிளும் சேர்ந்து 28 கிலோ என்றால் சுமை 220 கிலோவைத் தாண்டிவிடும். கதவின் எடையும் தூரங்களும் வண்டிக்கு வண்டி மாறும். ஆனால் இந்தப் போக்கு மாறாது.

ஷாக்கின் உடம்பில் நியூட்டன் (விசையின் அளவு) கணக்கில் ஓர் எண் அச்சடித்திருக்கும். அதைப் பத்தால் வகுத்தால் ஏறக்குறைய கிலோ. மேலே சொன்ன உதாரணக் கதவுக்கு ஒரு பக்கம் 500 நியூட்டன் போட்டிருந்தால் வெறும் கதவு சுகமாக நிற்கும். ராக் மாட்டினால் 600-க்கு மேல் வேண்டும். ஆக, புத்தம்புது ஷாக்கே திணறும்.

உங்கள் கதவு உடனே விழாமல் நின்றுவிட்டு இறங்குகிறது என்பதால் பற்றாக்குறை பெரிதாக இருக்காது. அது ராக்கால் வந்ததா, ஷாக் கிழடானதால் வந்ததா என்று கண்டுபிடிப்பது சுலபம். ராக்கைக் கழற்றிவிட்டு, விடியற்காலையில் கதவைத் தூக்கிப் பாருங்கள். மதியம் பார்க்காதீர்கள். ஷாக்கின் உள்ளே அழுத்தி அடைத்திருப்பது நைட்ரஜன் வாயு. சூடு ஏறினால் அழுத்தம் ஏறும், குளிர்ந்தால் இறங்கும். வேலூர் வெயிலில் 40 டிகிரியில் இருக்கும் தள்ளுவிசை, 15 டிகிரியில் சுமார் 8 சதவீதம் குறைந்துவிடும். வீட்டு வாசலில் மதியம் கம்பீரமாக நின்ற கதவு, மறுநாள் காலை ஏலகிரிக் குளிரில் தலையில் இறங்குவதற்கு இது ஒரு காரணம். வேலூர்க்காரர்கள் வெயிலைத் திட்டுவோம், ஆனால் பழைய ஷாக்குகளைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது அந்த வெயில்தான்.

ராக் இல்லாமலே காலையில் கதவு தளர்ந்தால், அல்லது ஷாக்கின் குழாய்க்குள் போய் வரும் மெல்லிய ராடில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய புழுதியும் தெரிந்தால், வாயுவை அடைத்து வைக்கும் சீல் தேய்ந்து வாயு கசிந்துவிட்டது. கம்பெனி சொன்ன அதே எண்ணுள்ள ஷாக்கை, இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் கதவு முறுக்கிக்கொள்ளும். பொருத்தும்போது, கதவு மூடிய நிலையில் மெல்லிய ராடு கீழ்நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் எண்ணெய் சீலை நனைத்துக்கொண்டே இருக்கும். இதைத் தலைகீழாக மாட்டி ஷாக்கின் ஆயுளைக் குறைப்பவர்கள் உண்டு, பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மெக்கானிக் சொல்லும் பவர் ஜாஸ்தி ஷாக்குக்கு வருகிறேன். ராக் வருடம் முழுக்கக் கதவிலேயே இருக்கும் என்றால் 10, 15 சதவீதம் கூடுதலாகப் போடலாம். அதற்கு மேல் போக வேண்டாம். ராக்கைக் கழற்றிய நாளில் கதவு பொத்தானை அழுத்தியதும் எகிறி, குனிந்து நிற்பவரின் தாடையில் அடிக்கும். மூடுவதற்கு மாமியாரால் முடியாமல் போகும். கதவு மூடியிருக்கும் நேரமெல்லாம் அந்த விசை கீலையும், ஷாக் மாட்டிய குமிழ் போல்ட்டின் கீழுள்ள தகட்டையும் தள்ளிக்கொண்டே இருக்கும். பழைய வண்டியில் அங்கே துரு பிடித்திருந்தால் தகடு வளைந்து, மழைத் தண்ணீர் உள்ளே வர வழி திறந்துவிடும்.

அதனால் வாயுவை நம்பாமல் உலோகத்தை நம்புங்கள் என்பேன். செலவு குறைந்த வழி இது: கதவை முழுக்கத் திறந்தால் ஷாக்கின் மெல்லிய ராடு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நீளத்தை அளந்து, அதே நீளத்துக்கு 2 மி.மீ. கனமுள்ள அலுமினிய 'ப' வடிவச் சட்டம் இரண்டு வெட்டித் தரச் சொல்லுங்கள். ஜன்னல் செய்கிற அலுமினியக் கடையில் துண்டாகவே கிடைக்கும். கதவைத் திறந்ததும் ராடின் மேல் அதை மாட்டி, ஒட்டும் பட்டையால் ஒரு சுற்று சுற்றிவிட்டால் ஷாக் சுருங்க வழியில்லை. வாயு முழுக்கப் போனாலும் சட்டம் தாங்கும். இரண்டு பக்கமும் மாட்ட வேண்டும். பி.வி.சி. குழாயைப் பிளந்து மாட்டுகிறவர்களும் உண்டு. கனமான கதவுக்கு அது வேண்டாம், அழுத்தம் வந்தால் வாயைப் பிளந்துகொண்டு நழுவும்.

சட்டத்தின் உள்பக்கம் பழைய சைக்கிள் டியூப் ரப்பரை ஒட்டுங்கள். ராடில் ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் அது சீலை அரித்துவிடும். ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு பக்கம் தோல் துண்டு சுலபமாகக் கிடைக்கிறதே என்று அதை ஒட்டிவிடாதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்து ராடைத் துருப்பிடிக்கச் செய்யும். அப்புறம், சட்டத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கண்ணுக்குத் தெரியும்படி கட்டித் தொங்கவிடுங்கள். அதைக் கழற்ற மறந்து கதவை இழுத்து அடித்தால் ஷாக்கும் கீலும் சேர்ந்து வளையும்.

ஷாக் மாட்டிய இடத்திலேயே துரு இருந்தால் முட்டுக் கம்பிதான் நல்லது. இங்கேதான் உங்கள் சவுக்குக் கட்டை தவறுகிறது. அது தரையில் நிற்கிறது, வண்டியோ ஸ்பிரிங்கின் மேல் நிற்கிறது. சாமான் இறக்க இறக்கப் பின்பக்கம் உயரும். கட்டை தளர்ந்து சத்தமில்லாமல் சாயும். அதனால் முட்டின் அடி, வண்டியின் மேலேயே நிற்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு சதுர இரும்புக் குழாய், நீளத்தை நிறுத்த ஒரு பின், இரண்டு முனையிலும் ரப்பர் வைத்த கவட்டை: வெல்டிங் பட்டறையில் சொன்னால் செய்து தருவார்கள். அடி முனை டிக்கி வாசலின் இரும்பு விளிம்பில் உட்காரட்டும், பிளாஸ்டிக் பம்பரில் வேண்டாம். மேல் முனை கதவின் வெளி ஓரத்துக்கு அருகில், உள் தகட்டில் பிடிக்க வேண்டும். அங்கே முட்டுக்கும் கீலுக்கும் தூரம் அதிகம் என்பதால், நம் உதாரணத்தில் ஷாக் 125 கிலோ தள்ள வேண்டிய கதவை இந்தக் கம்பி 35 கிலோ அளவில் தாங்கிவிடும். ஷாக் ஓரளவு உயிரோடு இருந்தால் கம்பிக்கு வேலையே சொற்பம். பூட்டின் வாய்க்குள் மட்டும் முனையைச் செருகாதீர்கள். பூட்டு மூடிக்கொண்டால் மறுபடி கைப்பிடியை இழுத்து விடுவிக்கும் வரை கதவு சாத்தாது.

எதைச் செய்தாலும், பழைய ஷாக்கைக் கழற்றும் முன் கதவை வேறொருவர் பிடித்திருக்கட்டும், அல்லது முட்டு இருக்கட்டும். கழற்றியதை அறுக்கவோ, துளைக்கவோ, வெல்டிங் தீயின் பக்கம் கொண்டுபோகவோ வேண்டாம். தளர்ந்துபோன ஷாக்கிலும் அழுத்தம் மிச்சமிருக்கும். பழைய இரும்புக் கடையில் போடும்போது இதைச் சொல்லியே கொடுங்கள்.