அதிர்வுக் கையுறை அணிந்து நாடி பார்க்கப் பழகலாமா?

கேள்வி: செவிலியர் கல்லூரியில் கற்பிக்கிறேன். நாடி பார்ப்பது, ஊசி போடுவது, இருவராகச் சேர்ந்து நோயாளியைக் கட்டிலில் நகர்த்துவது ஆகியவற்றை மாணவியர் மெய்நிகர் சூழலில் பழகுவதற்கு, தொடு உணர்வைத் தரும் ஹாப்டிக் கையுறை வாங்க எண்ணுகிறோம். விரல் நுனியில் அதிரும் வகை போதுமா, விரல்களை இழுத்துப் பிடிக்கும் விலை கூடிய வகைதான் வேண்டுமா?

பதில்: மூன்று வேலைகளுக்கும் ஒரே கையுறையை நம்ப வேண்டாம், ஒவ்வொன்றிலும் கை கற்றுக்கொள்வது வேறு.

முதலில் நாடி. அதிர்வுக் கையுறையிலுள்ள சிறு மோட்டார்கள் பெரும்பாலும் நொடிக்கு 150 முதல் 250 முறை வரை அதிர்பவை. நம் தோலின் ஆழத்திலுள்ள பசீனியன் உணர்வுறுப்புகள் ஏறத்தாழ 250 ஹெர்ட்ஸ் அதிர்வைத்தான் மிகக் கூர்மையாக உணர்கின்றன என்பதால், அந்த அதிர்வு விரலுக்குத் தெளிவாகவே எட்டும். ஆனால் நாடி என்பது நொடிக்கு ஒன்றிரண்டு முறை மெல்ல எழுந்து தணியும் அழுத்தம். எனவே துடிப்பை எண்ணவும் சீரின்மையைக் கண்டறியவும் இக்கையுறை உதவும். நாடியின் நிறைவையும், எவ்வளவு அழுத்தினால் அது மறையும் என்பதையும் கற்பிக்காது. அதற்கு உயிருள்ள மணிக்கட்டுக்கு ஈடில்லை. சக மாணவியின் கையே போதும்.

ஊசி போடுவதில் சிக்கல் வேறு. விரல்களை இழுத்துப் பிடிக்கும் கையுறை, சிரிஞ்சைப் பற்றிய உணர்வை நன்றாகவே தரும். ஆனால் அதன் விசை அணிந்தவரின் புறங்கையையே ஊன்றி நிற்பதால், முன்னேறும் கையை அதனால் தடுக்க இயலாது. ஊசி தோலைத் துளைக்கும்போது எதிர்ப்பு கூடி, சட்டென்று விடுபடும் அந்தக் கணமே இங்கே பாடம். அதைத் தருவது மேசையில் பொருத்தப்பட்டு, பிடித்த கையை எதிர்த்துத் தள்ளும் விசைக் கரம்தான், 1990களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் தாமஸ் மாஸியும் கென்னத் சாலிஸ்பரியும் உருவாக்கிய ஃபேண்டம் என்ற கருவி இவ்வகையைச் சேர்ந்தது. கண்ணுக்கு நொடிக்கு 90 படங்கள் போதுமென்றாலும், கடினமான பரப்பை நம்பும்படி உணர்த்த விசையை நொடிக்கு 1000 முறை அளவில் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது.

நோயாளியை நகர்த்துவதிலும், விசை புறங்கையையே ஊன்றி நிற்கும் இதே காரணத்தால் எந்தக் கையுறையும் எடையை உணர்த்தாது. எனினும் இருவருக்கிடையிலான ஒத்திசைவைத் தொடு உணர்வு வளர்க்கும் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். 2002-இல் எம்.ஐ.டி.யிலும் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜிலும் இருந்த இருவர் விசைக் கரங்களைப் பிடித்தபடி, இணையம் வழியாக ஒரே மெய்நிகர்ப் பெட்டியைச் சேர்ந்து தூக்கினர். மற்றவரின் தள்ளலை ஒவ்வொருவராலும் உணர முடிந்தது. உங்கள் மாணவியர் இருவரையும் ஒரே அறையில், ஒரே உள்வலையமைப்பில் பயிற்றுவியுங்கள். தாமதம் கூடினால் விசை கையை உதறத் தொடங்கும்.

ஆகவே அதிர்வுக் கையுறை ஒரு ஜோடியும் இருவர் சேர்ந்து பழக மேசைக் கரம் இரண்டும் உங்களுக்குப் போதும். வாங்குமுன் கையுறையை ஒரு வாரம் கேட்டுப் பெற்று, வகுப்பிலேயே மிகச் சிறிய கைகளையுடைய மாணவிக்கு அணிவித்துப் பாருங்கள்; விரல் நுனி மோட்டாரோடு ஒட்டாமல் இடைவெளி விட்டால் அதிர்வு மங்கிவிடும். மெய்நிகர் சூழலைக் காட்டும் ஹெட்செட்டின் கேமரா கையுறை அணிந்த கையைத் தவறாமல் கண்டறிகிறதா என்பதையும், பலர் மாற்றி மாற்றி அணிவதால் உள்துணியைக் கழற்றித் துவைக்க முடியுமா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.