பழைய தங்க ஆட்டோமேட்டிக் வாட்ச் நல்ல நிலையில் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி இதுதான்: 1950களில் செய்த 18 கேரட் தங்க ஆட்டோமேட்டிக் (கை அசைவிலேயே தானாகச் சாவி ஏறும்) கைக்கடிகாரம் ஒன்று விலைக்கு வருகிறது. புதிது போலப் பளபளக்கிறது. விற்பவர் "அருமையாகப் பராமரித்தது" என்கிறார். நம்பி வாங்கலாமா, தினமும் கட்டலாமா?

அந்தப் பளபளப்பைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். தங்கம் மென்மையான உலோகம். 18 கேரட்டில் நான்கில் ஒரு பங்கு செம்பும் வெள்ளியும் கலந்திருந்தாலும், ஸ்டீலோடு ஒப்பிட்டால் சுலபமாகக் கீறல் விழும். பல வருடம் ஒருவர் கையில் இருந்த வாட்ச்சில் மெல்லிய கோடுகள் இருந்தே தீரும். ஒன்றுகூட இல்லை என்றால், அது பெட்டியை விட்டு வெளியே வராமலே இருந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பாலிஷ் போட்டிருக்க வேண்டும். முதல் வகை மிக அபூர்வம். பாலிஷ் போடுவதால் கீறல் நிரம்புவதில்லை. கீறலின் ஆழம் வரைக்கும் சுற்றியிருக்கிற தங்கத்தைத் தேய்த்து எடுத்துவிடுகிறார்கள். போன தங்கம் போனதுதான், அதோடு கேஸின், அதாவது வாட்ச்சின் வெளிக்கூட்டின், வடிவமும் போகிறது.

அதனால் முதலில் ஸ்ட்ராப் மாட்டுகிற நான்கு கால்களைப் பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். விளிம்புகள் கூராக நிற்கின்றனவா, நான்கும் ஒரே தடிமனா, சரிவாக வெட்டிய பட்டை நான்கிலும் ஒரே அகலத்தில் ஓடுகிறதா? கரைந்த சோப்புக்கட்டி மாதிரி உருண்டு போயிருந்தால், பாலிஷ் சக்கரம் பலமுறை ஏறி இறங்கிய கேஸ் அது.

அடுத்தது முத்திரை. சுவிட்சர்லாந்தில் அந்தக் காலத்தில் செய்த 18 கேரட் கேஸில் அந்த நாட்டின் சின்னமான ஹெல்வேஷியா என்ற பெண்ணின் தலையைப் பொடியாக அடித்திருப்பார்கள், 14 கேரட்டுக்கு அணில். 1995 முதல் எல்லாவற்றுக்கும் செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை வந்துவிட்டது. எனவே 1950களின் வாட்ச் என்று சொல்லி நாய்த்தலை முத்திரையைக் காட்டினால், அந்த கேஸ் எப்போது செய்தது என்று கேட்டே ஆக வேண்டும். பல வாட்ச்களில் இந்த முத்திரை இரண்டு இடங்களில் இருக்கும்: கால்களின் அடிப்பக்கம் ஒன்று, பின் மூடியின் உட்புறம் ஒன்று. உட்புறத்தைப் பாலிஷ் சக்கரம் தொடுவதில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். உள்ளே கண்ணும் மூக்கும் தெளிவாகத் தெரிந்து, வெளியே வெறும் புள்ளியாக மங்கியிருந்தால், எவ்வளவு தங்கம் போயிருக்கிறது என்று யாரும் சொல்லாமலே புரிந்துவிடும்.

பின் மூடியில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று இருந்தால் மேற்பகுதி பெரும்பாலும் முலாம்தான். 20 மைக்ரான் முலாம் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. அதன் மேல் பாலிஷ் போட்டால் அடியில் இருக்கிற உலோகம் எட்டிப் பார்க்கும்.

மூடியைத் திறந்ததும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வரும். உட்புறத் தங்கத்தில் ஊசியால் கீறிய மாதிரி பொடி எழுத்துகளும் தேதிகளும் இருக்கலாம். ஒவ்வொரு சர்வீஸின்போதும் ரிப்பேர் செய்தவர்கள் போட்டுவைத்த குறிப்புகள் அவை. என் கையில் இருக்கிற 1960களின் வாட்ச்சில் அப்படி ஒரு வரிசையே இருக்கிறது, வேறு வேறு கையெழுத்துகளில். எத்தனை கைகள் அதை அக்கறையாகத் திறந்து மூடியிருக்கின்றன என்று நினைக்கும்போது மனது நிறைந்துவிடும். ஆனால் அங்கேயே வில் போல வளைந்த பட்டைக் கீறல் தெரிந்தால் கவனம் தேவை. கை அசையும்போது சுற்றிச் சாவி ஏற்றுகிற எடைக்கட்டியான ரோட்டரின் அச்சு தேய்ந்து, ரோட்டர் சுற்றும்போது மூடியில் உரசுகிறது என்று பொருள். சரிசெய்யலாம், ஆனால் அந்தச் செலவையும் விலையில் கணக்கு வைத்துப் பேசுங்கள்.

கையை அசைக்கும்போது உள்ளே 'டொக்' என்று எதுவோ முட்டுவது போல இருந்தால் உடனே பயப்பட வேண்டாம், அதன் அமைப்பே அப்படி இருக்கலாம். 1920களில் ஜான் ஹார்வுட் செய்த முதல் ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரத்தில் எடைக்கட்டி முழுதாகச் சுற்றாது, இரு பக்கமும் போய் ஸ்பிரிங்கில் முட்டித் திரும்பும். 1931இல் ரோலக்ஸ் முழு வட்டம் சுற்றும் ரோட்டரைக் கொண்டு வந்தது. ஆனாலும் மற்ற சில நிறுவனங்கள் 1950களிலும் முட்டித் திரும்பும் வகையைச் செய்துகொண்டிருந்தன. அந்தச் சின்ன முட்டலை உணர்வதற்காகவே தேடி வாங்குகிறவர்கள் உண்டு.

டயலைப் பொறுத்தவரை, சீராகப் பழுப்பேறியிருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். மறுபடி பெயின்ட் அடித்து 'புதுப்பித்த' டயலைவிட அது எவ்வளவோ மேல். எழுத்துகளின் ஓரம் கசிந்திருக்கிறதா, ஆறு மணிக்குக் கீழே இருக்கும் 'ஸ்விஸ்' என்ற சொல் நேராக இருக்கிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். முள்ளிலோ எண்களிலோ ஒளிரும் பூச்சு இருந்தால், அந்தக் காலத்தில் அது ரேடியமாக இருக்கலாம். ஒளி மங்கியிருந்தாலும் ரேடியம் அப்படியேதான் இருக்கும், ஏனென்றால் அதன் அரை ஆயுள் சுமார் 1600 வருடம். கண்ணாடியைக் கழற்றிச் சுரண்டவே கூடாது.

ஓட்டத்தை டைம்கிராஃபரில், அதாவது டிக் டிக் சத்தத்தைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் கருவியில், வைத்துக் காட்டச் சொல்லுங்கள். முழுதாகச் சாவி கொடுத்து, டயல் மேலே பார்க்க வைத்தால் பாலன்ஸ் வீலின் (முன்னும் பின்னும் ஆடி நேரத்தைக் காக்கும் சக்கரத்தின்) வீச்சு 270 டிகிரி அளவில் வந்தால் மகிழ்ச்சி. 200க்குக் கீழே என்றால் பெரும்பாலும் எண்ணெய் காய்ந்திருக்கும், சர்வீஸ் செய்யாமல் ஓட்டினால் பற்சக்கர அச்சுகள் தேயும்.

சரி, தினமும் கட்டலாமா? தாராளமாகக் கட்டலாம். தண்ணீர் மட்டும் ஆகாது. மூடியில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று பொறித்திருந்தாலும் அந்தப் பேச்சு ரப்பர் வளையம் புதிதாக இருந்த காலத்தோடு சரி. கை கழுவும்போதும் கழற்றி வையுங்கள். நின்றுபோனால் குலுக்கி எழுப்பாமல், சாவியை மெதுவாகப் பத்திருபது சுற்று திருப்புங்கள். நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்தால் போதும். கொடுக்கும்போது 'கேஸுக்குப் பாலிஷ் வேண்டாம், மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும்' என்று வாயால் சொல்வதோடு நிற்காமல், ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.