மே மாத மிஷன் பயணத்துக்கு மகளை அனுப்பலாமா?

கேள்வி: எங்கள் சபை வாலிபர்கள் மே மாதம் இலங்கை மலையகத்துக்கு மிஷன் பயணம் போகிறார்கள். கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகளும் பெயர் கொடுத்திருக்கிறாள். இவ்வளவு செலவழித்துப் போய் பத்து நாளில் இந்தப் பிள்ளைகள் என்ன செய்துவிட முடியும்? அனுப்பலாமா?

அனுப்புங்கள் சிஸ்டர். ஆனால் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் விசாரித்துவிடுங்கள். அங்கே இருக்கிற சபை இவர்களிடம் என்ன கேட்டிருக்கிறது? நாம் இங்கே உட்கார்ந்து போடுகிற நிகழ்ச்சி நிரலைச் சொல்லவில்லை. "எங்களுக்கு இது வேண்டும், இதற்கு ஆள் தாருங்கள்" என்று அவர்கள் வாயால் கேட்டது என்ன என்பதுதான் என் கேள்வி. அதற்கு நேரான பதில் கிடைத்தால் பத்து நாள் போதும். பதில் இல்லையென்றால் ஒரு மாதம் தங்கினாலும் பிரயோஜனம் இல்லை.

நான் பாளையங்கோட்டைப் பக்கம். எங்கள் சேகரத்தில் (ஒரு போதகரின் கீழ் இருக்கும் சபைகளை அப்படிச் சொல்வோம்) வாலிபர் ஐக்கியத்தைக் கவனித்துக்கொள்கிறேன், பிள்ளைகளோடு இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய் வந்திருக்கிறேன். முதலில் எங்கள் ஐயர் (எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம்) அங்கிருக்கும் போதகருக்கு போன் போட்டு, பிள்ளைகள் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நன்றாக நடத்துவார்கள், பாட்டு, பப்பெட் ஷோ எல்லாம் உண்டு என்று சொன்னார். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, "மே மாசம் இங்க பள்ளிக்கூடம் இருக்குமே ஐயா" என்றார். நமக்கு லீவு என்றால் எல்லாருக்கும் லீவு என்கிற நினைப்பிலேயே இந்தப் பயணங்கள் பல திட்டமிடப்படுகின்றன. இலங்கையில் நீண்ட விடுமுறை பொதுவாக ஏப்ரல் புத்தாண்டை ஒட்டியும், ஆகஸ்டிலும், டிசம்பரிலும்தான். நேபாளத்திலோ ஏப்ரல் நடுவில்தான் புதுவருஷ வகுப்பே தொடங்கும். அப்புறம் அவரே தயங்கித் தயங்கிச் சொன்னார், சாதாரண தரப் பரீட்சை (நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மாதிரி) எழுதப்போகிற பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தர ஆள் இல்லை, சாயங்காலம் இரண்டு மணி நேரம் உட்கார உங்களிடம் யாராவது உண்டா என்று. மலையகப் பள்ளிகளில் கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் கிடைக்காதது நெடுங்காலப் பிரச்சினை.

எங்களிடம் ஆள் இருந்தது. பி.எஸ்சி. கணிதம், இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள். ஆனால் முக்கால்வாசிப் பேர் இங்கிலீஷ் மீடியம். அதனால் போவதற்கு முன் இரண்டு மாதம் சனிக்கிழமை தோறும் நம்முடைய பத்தாம் வகுப்புத் தமிழ்வழிப் புத்தகத்தை வைத்து அவர்களையே பாடம் எடுக்கச் சொன்னோம். பப்பெட் பொம்மைகளை எடுத்துப் போகவே இல்லை.

ஒரு சாயங்காலத்தை மட்டும் சொல்கிறேன். ஆலயத்துப் பின்பக்க ஹாலில் வகுப்பு, வெளியே மழை. பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு அப்படியே மகளைக் கூட்டிப்போக வந்த ஒரு அம்மா கடைசி பெஞ்சில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தார். அன்றைக்குப் பாடம் சதவீதம். எங்கள் பெண் உதாரணத்துக்கு ஏதாவது கணக்கு சொல்லுங்கள் என்று கேட்டதும், அந்த அம்மாவின் மகளே எழுந்து, "அம்மா இன்னக்கி எடுத்தது இருபத்தொரு கிலோ, மூட்டைக்கும் ஈரத்துக்கும்னு மூணு கிலோ கழிச்சிட்டாங்க, அது எத்தன சதவீதம்?" என்றாள். போர்டில் போட்டார்கள். ஏழில் ஒரு பங்கு, நூற்றுக்குப் பதினான்குக்கு மேல் வருகிறது. பின்னால் இருந்து அந்த அம்மா, "அதத் தாள்ல எழுதிக் குடு புள்ள" என்று எழுந்து வந்து வாங்கி, நாலாக மடித்து வைத்துக்கொண்டார். நாள் முழுக்க அட்டைக்கடியோடு சரிவில் நின்று பறித்ததில் ஏழில் ஒரு பங்கு எழுத்தில்லாமலே போகிறது என்பது எங்கள் பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இதை நாங்கள் இங்கிருந்து திட்டம் போட்டிருந்தால் நடந்திருக்காது. அவர்கள் கணக்கைக் கேட்டதால் நடந்தது.

பெரியவர்கள் சிலர் எங்களிடம் கேட்டார்கள், நம் ஊரிலேயே ஊழியம் கிடக்கும்போது வெளிநாடு எதற்கு என்று. நியாயமான கேள்விதான். ஆனால் திருநெல்வேலிச் சபைக்கு இது புதிய பழக்கம் இல்லை. 1854-ல் இலங்கைத் தோட்டத் தொழிலாளருக்காக ஒரு மிஷன் தொடங்கியபோது இங்கிருந்து உபதேசியார்கள் போய் வேலை செய்தார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பிஷப்பான அசரியா 1902-ல் யாழ்ப்பாணம் போனார். அங்கிருந்த தமிழ்ச் சபையார் தங்கள் சொந்தக் காசில் மிஷன் நடத்துவதைப் பார்த்துவிட்டு வந்துதான் மறுவருஷம் இங்கே இந்திய மிஷனரி சங்கம் தொடங்கினார். அது முதலில் போன தோர்ணக்கல் நிஜாம் ஆட்சியில் இருந்த தெலுங்கு ஊர், அந்தக் காலத்துத் திருநெல்வேலிக்காரருக்கு அது வெளிதேசம் மாதிரிதான். அதே அசரியா 1910-ல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் மேல்நாட்டு மிஷனரிகளைப் பார்த்து, நீங்கள் எவ்வளவோ கொடுத்திருக்கிறீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். கொடுக்கிறவன் மேலே, வாங்கிக்கொள்கிறவன் கீழே என்று இருந்ததைத்தான் அவர் தாங்க முடியாமல் சொன்னார். இன்றைக்கு நம் பிள்ளைகள் டிக்கெட் எடுத்துப் போகிறவர்களாக ஆகிவிட்டார்கள். அவர்களை அனுப்புவதற்கு முன் அந்தப் பேச்சை உட்காரவைத்துப் படிக்கச் சொல்ல வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். 1948-ல் அங்கிருந்த தோட்டத் தமிழர்களின் குடியுரிமை பறிபோனது, 1964-ல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாகக் கையெழுத்தானது, ஒரே குடும்பத்தில் அண்ணன் இங்கே தங்கை அங்கே என்று பிரிந்தது. இது ஒன்றும் தெரியாமல் லயன் வீட்டு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் போய் நின்று "உங்களுக்கு இந்தியாவில் சொந்தக்காரங்க இருக்காங்களா பாட்டி" என்று ஒரு பிள்ளை சாதாரணமாகக் கேட்டால் அந்த வீட்டில் எந்த இடத்தைத் தொடுகிறோம் என்று அதற்கே தெரியாது. எங்களோடு வந்த விக்கிரமசிங்கபுரம் பையனிடம் ஒரு பாட்டி, தன் தாத்தா அம்பாசமுத்திரம் பக்கம், ஊர்ப் பெயர் மறந்துபோச்சு என்று சொன்னார். அவன் போனில் இருந்த பாபநாசம் படித்துறை படத்தைக் காட்டினான், மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் அங்கே போய்ச் செய்ததில் அதுவும் ஊழியம்தான் என்பேன்.

அடுத்து சட்டம். இதில் பூசி மெழுகக் கூடாது. சுற்றுலா விசா சுற்றிப் பார்ப்பதற்குத்தான். அதில் போய்க் கூட்டம் போட்டுப் பிரசங்கம் பண்ணினால் நமக்கு வருகிற சிக்கலைவிட அழைத்த சபைக்கு வருகிற சிக்கல் பெரிது, நாம் கிளம்பி வந்துவிடுவோம், அவர்கள் அங்கேயே இருக்க வேண்டும். எந்த விசாவில் போகிறார்கள், குடிவரவுத் துறையிடம் என்ன வேலை என்று சொல்லியிருக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் குழு பிறகு நேபாளம் போகலாம் என்று பேசினால் இன்னும் கவனம் வேண்டும். விசா இல்லாமல் நாம் உள்ளே போகலாம் என்பது சரிதான், ஆனால் அங்கே 2018 முதல் நடப்பில் உள்ள தண்டனைச் சட்டத்தில் மதமாற்றத்துக்கு 5 ஆண்டு வரை சிறையும் 50,000 நேபாள ரூபாய் வரை அபராதமும் உண்டு, வெளிநாட்டவரைத் தண்டனை முடிந்ததும் நாட்டை விட்டு அனுப்பியும் விடுவார்கள். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி இருபது வயதுப் பிள்ளையைக் கையில் துண்டுப்பிரதியோடு அனுப்புவது விசுவாசம் இல்லை, பொறுப்பின்மை.

பணம் பற்றி. எங்கள் சேகரத்தில் அசன விழா (ஆலயத்தில் எல்லாருக்கும் விருந்து போடும் விழா) ஏலத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குகிறார்கள். ஒரு வாழைத்தாரை ஏலம் எடுத்து, திரும்பவும் ஏலத்துக்கே கொடுத்து, மறுபடி எடுக்கிற ஆட்கள் உண்டு. அப்படி வந்த காசு என்பதால் பிள்ளைகளுக்கும் பயம் இருக்கிறது. நோட்டு, ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாம் இங்கிருந்து மூட்டை கட்டாமல் ஹட்டன் கடையிலேயே வாங்கினோம். அவர்கள் பாடத்திட்டத்துப் பழைய வினாத்தாள் அங்கேதானே கிடைக்கும், வியாபாரமும் அந்த ஊருக்குப் போகட்டும். பரீட்சை முடியும் வரை வாட்ஸ்அப்பில் சந்தேகம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், இரவு பத்து மணிக்கும் பதில் போட்ட பிள்ளைகள் எங்களிடம் இருந்தார்கள்.

வேறொரு குழு நடத்திய பயணத்தில் என் சொந்தக்காரப் பெண் போனாள். பாதி நாள் பஸ்ஸில் ஊர் சுற்றல், மீதி நாள் பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) மூக்கு ஒழுகுகிற குழந்தைகளைத் தூக்கி வைத்துப் போட்டோ. பெற்றவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. நம் வீட்டுக் குழந்தையை முன்பின் தெரியாதவர் தூக்கிப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போட்டால் நாம் சும்மா இருப்போமா? அதனால் குழந்தைகள் படம் கூடாது, எந்தக் குழந்தையோடும் தனியறையில் தனியாக இருக்கக் கூடாது, பெண் பிள்ளைகளோடு மூத்த பெண் ஒருவர் கட்டாயம் போக வேண்டும், இந்த மூன்றையும் ஒப்புக்கொள்ளாத குழுவில் உங்கள் மகளை விடாதீர்கள்.

மற்றபடி பயப்பட ஒன்றும் இல்லை. மதுரையில் ஏறினால் கொழும்பு பக்கம்தான், அங்கிருந்து மலை ஏறும் ரயில்தான் நேரம் எடுக்கும். மே கடைசியில் ஹட்டன் பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிடும், குளிரும், அதனால் ஸ்வெட்டர், ரெயின்கோட், அட்டைக்குத் தடவ உப்பு வேண்டும். பாஸ்போர்ட் இல்லையென்றால் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள், திருநெல்வேலியிலேயே சேவை மையம் இருக்கிறது. மகள் விடுதியில் தங்கிப் படித்தால் எந்த முகவரி கொடுப்பது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், போலீஸ் விசாரணை அதில்தான் இழுக்கும்.