ஓவன் கதவு கண்ணாடியில கருகிப்போன எண்ணெய்க் கறை போகவே மாட்டேங்குது, என்ன செய்யலாம்?

இன்னும் 4 நாள்ல வாடகை வீட்டை ஒப்படைக்கணும், ஓவன் கதவு கண்ணாடி காப்பித்தூள் கலர்ல இருக்கு, பேக்கிங் சோடாவும் வினிகரும் சேர்த்து ஊத்தி அரை மணி நேரம் தேய்ச்சும் போகலன்னு எழுதியிருக்கீங்க. படிச்சதும் எனக்கு சிங்கப்பூர் பொங்கோல்ல நாங்க இருந்த வாடகை வீடுதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. ரெண்டு வருஷம், வாராவாரம் கோழி ரோஸ்ட், தீபாவளிக்கு முன்னாடி மூணு வாரம் சுஜி பிஸ்கட், பைனாப்பிள் டார்ட்னு ஓவன் ஓடிக்கிட்டே இருந்துச்சு, தட்டையும் ராக்கையும் கழுவுவேன், கதவை மட்டும் கவனிக்கவே இல்ல. கடைசி வாரம் ஓனர் ஆன்டி வந்து பாத்துட்டு இது இப்படியே இருந்தா கிளீனிங் காசை டெபாசிட்ல புடிச்சுக்குவேன்னு சொல்லிட்டாங்க. ரெண்டு வருஷ ஒப்பந்தம்னா டெபாசிட் 2 மாச வாடகை, அதுல அம்பது வெள்ளி (டாலர்) போனாலும் வயிறு எரியும். அதனால உங்க அவசரம் எனக்கு நல்லாவே புரியுது.

இந்தக் கறை எப்படி உண்டாகுதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. கோழியில இருந்து தெறிக்கிற கொழுப்பு சூட்டுல திரும்பத் திரும்ப வெந்து, ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு வார்னிஷ் மாதிரி இறுகிப்போகுது. இரும்பு தோசைக்கல்லைப் பழக்கும்போது எண்ணெய் தடவி சூடு பண்ணப் பண்ண கருப்பா பளபளன்னு ஒரு படலம் வருமே, அதே சமாச்சாரம்தான், கல்லுல வந்தா சந்தோஷப்படுறோம் கண்ணாடியில வந்தா அழுவுறோம். தோசைக்கல்லுல அது எவ்வளவு உறுதியா நிக்கும்னு உங்களுக்கே தெரியும், அப்போ இதை அரை மணி நேரத்துல கையால தேய்ச்சு எடுக்கணும்னு நினைக்கிறது நடக்காத காரியம்.

அடுத்தது வினிகர். சோடாவையும் வினிகரையும் கலந்தா நுரை பொங்கும், பாக்க ஏதோ பெரிய வேலை நடக்கிற மாதிரி இருக்கும், ஆனா சோடா காரம், வினிகர் அமிலம், ரெண்டும் ஒண்ணையொண்ணு தின்னு முடிச்சிடும், பொங்கி வர்றது கார்பன் டை ஆக்சைடு, மிச்சம் நிக்கிறது கிட்டத்தட்ட உப்புத்தண்ணி. எங்க அம்மா ஊர்ல பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போடுவாங்க, எண்ணெய்ச் சட்டிக்கு அடுப்புச் சாம்பல் போடுவாங்க, ரெண்டையும் கலந்து நான் பாத்ததே இல்ல. உலோகத்துல ஏறுற களிம்புக்குப் புளிப்பு, கொழுப்புக்குக் காரம், ஏன்னா காரம் பட்டா கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமா சோப்பா மாறும், அப்புறம் தண்ணியோட வந்துடும். சாம்பல்ல இருக்கிறதும் காரம்தான். அதனால வினிகரை இப்போதைக்கு ஓரமா எடுத்து வைங்க, கடைசியில ஒரு வேலை இருக்கு.

இப்போ நான் செஞ்சதைச் சொல்றேன். ஓவனை 5 நிமிஷம் லேசா சூடு பண்ணி அணைச்சிட்டேன், கை வச்சா வெதுவெதுன்னு இருக்கணும் அவ்வளவுதான், கொதிக்கிற கண்ணாடியில பச்சைத்தண்ணி பட்டா வெடிச்சிடும், ஜாக்கிரதை. கதவைப் படுக்க வச்ச மாதிரி முழுசா திறந்துட்டு (அது மேல கையை ஊனாதீங்க, கீல் வளைஞ்சிடும்) மூணு பங்கு ஆப்பச்சோடா (பேக்கிங் சோடாதான்), ஒரு பங்கு தண்ணி, ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பு, தோசை மாவை விடக் கெட்டியா கலந்து கண்ணாடி முழுக்க தடிமனா பூசினேன். முதல் நாள் நான் பண்ண தப்பு என்னன்னா பூசிட்டு அப்படியே விட்டுட்டேன், சமையக்கட்டு ஃபேன் காத்துல ஒரு மணி நேரத்துல காஞ்சு வெள்ளைப் பொடியா உதிர்ந்துடுச்சு, காஞ்ச சோடா ஒரு வேலையும் செய்யாது. மறுநாள் அதே மாதிரி பூசி, மேல சாப்பாட்டுக்குப் போடுற கிளிங் ராப்பை ஒட்டி மூடி, ராத்திரி முழுக்க விட்டேன். காலையில ராப்பை எடுத்துட்டு பழைய ஈஸி-லிங்க் கார்டு (பஸ்ஸுக்குத் தட்டுற பிளாஸ்டிக் கார்டு) ஓரத்தால தள்ளினா மெழுகு மாதிரி சுருண்டு சுருண்டு வந்துச்சு. எனக்கு அப்போ வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

முக்கால்வாசி போயிடுச்சு, ஓரத்துல மட்டும் கருப்புப் புள்ளிகள் நின்னுச்சு. அதுக்குக் கொஞ்சம் பலமான காரம் வேணும், அதுதான் சலவை சோடா. கடையில கிடைக்கலன்னா வீட்டுலயே பண்ணலாம், ஆப்பச்சோடாவை ட்ரேயில பரப்பி 200 டிகிரியில ஒரு மணி நேரம் வச்சா தண்ணியும் கார்பன் டை ஆக்சைடும் வெளியேறி சலவை சோடாவா மாறிடும், 100 கிராம் போட்டா சுமார் 63 கிராம்தான் மிஞ்சும், எடை குறைஞ்சிருந்தா மாறிடுச்சுன்னு அர்த்தம். அரை லிட்டர் சுடுதண்ணியில ரெண்டு ஸ்பூன் கரைச்சு, துணியை நனைச்சு அந்தப் புள்ளிங்க மேல ஒரு மணி நேரம் போட்டு வைங்க. கையுறை கண்டிப்பா போடணும், தோலு எரியும். கதவோட ஃபிரேம், கைப்பிடி அலுமினியமா இருந்தா அதுல படாம பாத்துக்குங்க, மங்கிப்போயிடும். பாத்திரம் கழுவுற மெஷினுக்குப் போடுற மாத்திரையை நனைச்சு கண்ணாடியில தேய்க்கிறாங்களே, அதுவும் இதே சோடாவாலதான் வேலை செய்யுது, அவசரத்துக்கு நல்ல வழி.

கடையில விக்கிற ஓவன் ஸ்ப்ரே பத்தி கேட்டிருந்தீங்க. பெரும்பாலும் காஸ்டிக் சோடாதான், சலவை சோடாவை விட ரொம்பப் பலமான காரம், வேகமா வேலை செய்யும் உண்மைதான், ஆனா நம்ம வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டு சமையக்கட்டு சின்னது, சின்னப் பிள்ளைங்க இருந்தா நான் வேணாம்னுதான் சொல்லுவேன். வாங்கியே ஆகணும்னா ஜன்னலைத் திறந்து வச்சு, கண்ணுக்கும் கைக்கும் பாதுகாப்பு போட்டு, ஓவன் ஆறின பிறகு அடிங்க, கதவைச் சுத்தி இருக்கிற ரப்பர்ல படக்கூடாது, வேற எந்த மருந்தோடயும் கலக்கவே கூடாது.

தயவு செஞ்சு பச்சை ஸ்கிரப்பரும் கம்பி நாரும் வேணாம். எங்க அக்கா வீட்டுக்கு வந்த கிளீனிங் ஆளுங்க பச்சை ஸ்கிரப்பரால தேய்ச்சுட்டுப் போனாங்க, கறை போச்சு, பதிலுக்கு நூத்துக்கணக்குல கீறல், உள்ள லைட்டு போட்டா இன்னைக்கும் தெரியும், அக்கா ஒவ்வொரு தடவை சமைக்கும்போதும் அதைப் பாத்து வருத்தப்படுறாங்க. அந்த மாதிரி ஸ்கிரப்பர்ல கண்ணாடியை விடக் கடினமான துகள் இருக்கலாம். அழகு போறது மட்டும் இல்ல, ஓவன் கதவு பதப்படுத்தின கண்ணாடி, ஆழமா கீறல் விழுந்தா சூட்டுல ஒருநாள் மொத்தமா நொறுங்கிடலாம். பிளேடு ஸ்கிரேப்பரும் அதே காரணத்துக்காக வேணாம், ஹார்ட்வேர் கடை அங்கிள் எடுத்துக் கொடுப்பாரு, யூடியூப்லயும் காட்டுவாங்க, ஆனா ஓவனோட வர்ற கையேட்டுலயே கூரான உலோகத்தால சுரண்டாதேன்னு பெரும்பாலும் போட்டிருக்கும். பிளாஸ்டிக் கார்டு போதும், அதுல வரலன்னா இன்னொரு ராத்திரி ஊற வைங்க.

சிலபேருக்கு ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல கோடு கோடா எண்ணெய் ஒழுகியிருக்கும், வெளியில எவ்வளவு துடைச்சாலும் போகாது. காத்து போறதுக்கு கதவுல விட்டிருக்கிற இடுக்கு வழியா இறங்குற பிசுக்கு அது. கதவைக் கழட்டி மேல்பட்டையை எடுத்தா உள்கண்ணாடி உருவி வரும், ஆனா மாடலுக்கு மாடல் மாறும், கதவும் நல்ல கனம், சொந்த வீடா இருந்தா கையேட்டைப் பாத்து ரெண்டு பேரா செய்யலாம். உங்களது வாடகை வீடு, ஓனரைக் கேக்காம கழட்டாதீங்க, வீட்டுக்கு வந்தப்போ எடுத்த போட்டோவுல அந்தக் கோடு ஏற்கனவே இருந்துச்சான்னு தேடிப் பாருங்க.

எல்லாம் துடைச்ச பிறகு கண்ணாடி வெள்ளையா பூத்த மாதிரி இருக்கும், அது மிச்சம் ஒட்டியிருக்கிற சோடா. இப்போதான் வினிகர், ஒரு பங்கு வினிகருக்கு ஒரு பங்கு தண்ணி, மைக்ரோஃபைபர் துணியில நனைச்சு ஒரு துடை, அப்புறம் காஞ்ச துணி. எங்க ஆன்டி டார்ச் அடிச்சுப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, டெபாசிட் முழுசா வந்துச்சு.

உங்களுக்கு 4 நாள் இருக்கு, ரெண்டு ராத்திரி ஊற வச்சாலும் ஒருநாள் கையில மிஞ்சும். இன்னைக்கு ராத்திரி சமைச்சு முடிச்சதும் பூசிடுங்க.