ஊன்றுகோலும் ஒரு டம்ளர் காபியும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

வணக்கம். கும்பகோணம் பக்கத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். மூன்று வாரம் முன்பு கொல்லையில் துவைக்கிற கல் பக்கத்தில் பாசி வழுக்கி விழுந்துவிட்டேன். வலது கணுக்காலில் இரண்டு பக்கமும் முறிவு. பிளேட் வைத்து ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். ஆறு வாரத்துக்குக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்குளில் வைக்கிற கட்டை இரண்டோடுதான் நடமாட்டம்.

வலியைக்கூடப் பொறுத்துக்கொள்கிறேன். நேற்று அடுப்படியில் நானே காபி கலந்தேன். கலந்த பிறகுதான் உறைத்தது, அதைக் கூடத்துக்கு எடுத்துக்கொண்டு வர முடியாது என்று. அங்கேயே நின்று அழுதேன். 72 வயது மாமியார் ஒவ்வொன்றுக்கும் எழுந்து வருகிறார். தண்ணீர் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. நீங்கள் ஒரு கட்டுரையில் 'கட்டையோடு இருந்த மூன்று மாதம்' என்று ஒரே வரியில் கடந்து போயிருந்தீர்கள். அதைக் கொஞ்சம் எழுதுங்களேன். ஜூனில் பள்ளி திறக்கும்போது போக முடியுமா என்ற கவலை வேறு.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள டீச்சர்,

ஒரே வரியில் கடந்ததற்குக் காரணம் வெட்கம். நான் விழுந்த கதை அப்படி. நிறுத்தியிருந்த ஸ்கூட்டியைத் திருப்பி வைக்கப் போனேன், அது என் மேல் சாய்ந்தது. வேகம் பூஜ்யம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு உடைந்திருந்தது. பார்க்க வந்தவர்கள் லாரியாவது மோதியிருக்கும் என்று நினைத்து வந்து, கதையைக் கேட்டு ஏமாந்து, ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள்.

காபி விஷயத்துக்கு வருகிறேன். உடைந்தது கால், ஆனால் காணாமல் போவது கை. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இரண்டு உள்ளங்கையும் கட்டையின் பிடியில் மாட்டிக்கொண்ட பிறகு டம்ளர் தூக்க முடியாது, குடை பிடிக்க முடியாது, நம் பக்கமாகத் திறக்கிற கதவைத் திறக்க முடியாது. வீட்டுக்கு வந்த பெரியவருக்குக் கும்பிடு போட முடியாமல் தலையை மட்டும் ஆட்டினேன், திமிர் என்று நினைத்திருப்பார். நடந்துகொண்டிருக்கும்போது கழுத்தில் கொசு உட்கார்ந்தால் அது குடித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

காபிக்கு வழி இருக்கிறது. ஜோல்னாப் பை ஒன்றைக் குறுக்காக மாட்டிக்கொண்டு, இறுக்கி மூடுகிற சின்ன ஃபிளாஸ்கை அதில் போட்டுக்கொள்ளுங்கள். செல்போன், மாத்திரை, கண்ணாடி எல்லாம் அதற்குள்ளேயே இருக்கட்டும். அடுப்படியில் ஒரு ஸ்டூல் போட்டால் காய் நறுக்கலாம், காபியை அங்கேயே குடித்துவிட்டும் வரலாம். புடவையை ஆறு வாரத்துக்கு மறந்துவிடுங்கள். கொசுவம் கட்டையில் சிக்கி நான் ஒரு தடவை விழப் பார்த்தேன்.

கட்டையின் அளவைச் சரிபார்த்தார்களா? எனக்கு யாரும் பார்க்கவில்லை. நிமிர்ந்து நிற்கும்போது அக்குளுக்கும் கட்டையின் மேல்பாகத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டால் பிடி மணிக்கட்டுக்கு நேராக வர வேண்டும். எடை முழுக்க உள்ளங்கையில். நான் மேல்பாகத்தில் துண்டைச் சுற்றி, அதில் அக்குளைப் போட்டுத் தொங்கிக்கொண்டு நடந்தேன். சுகமாகத்தான் இருந்தது. பத்தே நாளில் புறங்கையில் மதமதப்பு. பிசியோதெரபி செய்ய வந்த பெண் பார்த்துவிட்டுத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அக்குள் வழியாகக் கைக்குப் போகிற நரம்பு நசுங்கினால் மணிக்கட்டையே தூக்க முடியாமல் தொங்கிப்போகுமாம். கால் உடைந்து வந்தவள் கையையும் கெடுத்துக்கொள்ளாதே என்றாள். என்னைவிட இருபது வயது சின்னவள். வாயைத் திறக்கவில்லை நான்.

படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது கட்டையும் அடிபட்ட காலும் முதலில். குழம்பினால் உட்கார்ந்துவிடுங்கள். எங்கள் மாடிப்படி பத்தொன்பதையும் நான் குழந்தை மாதிரி உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கியிருக்கிறேன்.

'இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல் அற்றே' என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு நடத்தியிருப்பீர்கள். வழுக்கலில் ஊன்றுகோல் காப்பாற்றும் என்கிறார் வள்ளுவர். அவர் சொன்னது சேற்று நிலமாக இருக்கும், அங்கே கோல் மண்ணில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். நம் வீட்டு டைல்ஸில் தண்ணீர் சிந்தியிருந்தால் முதலில் வழுக்குவதே கோல்தான். கட்டையின் அடியில் இருக்கிற ரப்பர் புஷ்ஷை வாரம் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். வரி தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டால் சர்ஜிக்கல் கடையில் வேறு வாங்கிப் போடச் சொல்லுங்கள். குளியலறையில் கால் பரப்பி நிற்கிற பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வேண்டும். வாசல் தெளித்து அரைமணி நேரம் கழியாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். என் கட்டை பட்டுக் கோலத்தில் கூடுதலாக எத்தனையோ புள்ளிகள் விழுந்தன, பக்கத்து வீட்டுப் பெண் கணக்குப் பார்த்துச் சிரிப்பாள்.

வைத்தியம் சொல்கிறவர்கள் உங்களுக்கும் வந்திருப்பார்கள். பிரண்டைத் துவையல், ஆட்டுக்கால் சூப், புத்தூர் கட்டு. துவையலும் சூப்பும் ருசியானவை, சாப்பிடுங்கள். உள்ளே பிளேட் இருக்கிற காலில் கட்டுப் போடவோ எண்ணெய் தேய்த்து உருவவோ யார் வந்தாலும் விடாதீர்கள். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். ரத்தம் உறைந்திருக்கலாம்.

இனி அந்தத் தண்ணீர். நீங்கள் எழுதிய அந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன். கேட்கக் கூச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கூச்சத்தை ஒரு படி மேலே கொண்டுபோனேன். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், பாத்ரூம் போக ஒருத்தர் கூட வர வேண்டும், ராத்திரியில் அவரை எழுப்ப வேண்டும். அதனால் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிட்டால் என்ன? மூன்று வாரம் அப்படி ஓட்டினேன். யாருக்கும் தொந்தரவு தராத நோயாளி என்று வீட்டில் நல்ல பெயர். நான்காவது வாரம் நீர்க்கடுப்பு, குளிர் காய்ச்சல். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். ஒரு செம்புத் தண்ணீருக்கு எழுந்து வராமல் மிச்சப்படுத்திக் கொடுத்த நேரத்தை வட்டியோடு மூன்று பேரிடமிருந்து வாங்கிக்கொண்டேன். நமக்குப் பரிமாறித்தான் பழக்கம், உட்கார்ந்து வாங்கிச் சாப்பிட்டுப் பழக்கமில்லை. என் அம்மாவும் இப்படித்தான், தெரிந்த பல பெண்களும் இப்படித்தான். இதில் பெருமைப்பட எதுவும் இல்லை என்பது மூத்திரம் எரிந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

அப்புறம் ஒரு ஏற்பாடு செய்தேன். காலையில் ஒரே தடவை. ஃபிளாஸ்க், இரண்டு பாட்டில் தண்ணீர், மாத்திரை, புத்தகம், கால் தூக்கி வைக்கிற தலையணை, எல்லாம் கட்டில் பக்கத்தில் வந்துவிட வேண்டும். இருபது தடவை தயங்கித் தயங்கிக் கேட்பதைவிட ஒரு தடவை உத்தரவு மாதிரிக் கேட்பது எல்லோருக்கும் சுலபம். மாமியாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். மூன்று வாரமாக உங்கள் முகத்தைப் பார்த்தே எது வேண்டும் என்று அவர் ஊகித்துக்கொண்டிருக்கிறாரே, அந்த வேலைதான் தண்ணீர் எடுத்து வருவதைவிடக் கஷ்டம்.

ஜூன் பற்றி உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆறு வாரம் முடிந்த அன்றைக்கே ஓடிவிட முடியாது. எனக்கு எடை பார்க்கிற மெஷினைத் தரையில் வைத்து அதன் மேல் அடிபட்ட காலை ஊன்றச் சொன்னார்கள். முள் பத்துக் கிலோவில் நிற்க வேண்டும், அடுத்த வாரம் இருபது. பத்துக் கிலோவுக்கே உடம்பெல்லாம் வியர்த்தது. தொடை சூம்பிப்போய் ஒரு பக்கம் சுடிதார் தொளதொளவென்று தொங்கும், பயப்படாதீர்கள், திரும்ப வரும். ஒற்றைக் கட்டைக்கு மாறும்போது அதை நல்ல கால் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். உங்களுக்கு இடது கை. பெரும்பாலானவர்கள் மாற்றித்தான் பிடிக்கிறார்கள்.

பள்ளிக்குப் போகிற நாள் வரும்போது தரைத்தள வகுப்பாகக் கேட்டு வாங்குங்கள், மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். ஒரு கையில் கட்டை, ஒரு கையில் சாக்பீஸ் என்று கரும்பலகை முன்னால் நிற்க வேண்டாம். கையெழுத்து அழகாக உள்ள பிள்ளை ஒருத்தி வகுப்பில் இருப்பாள். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவள் எழுதட்டும்.

அன்புடன்.