ரைஃபிள் எப்போது கைக்கு வரும்?

அமெரிக்காவில் வேட்டைக்கும் இலக்குச் சுடுதலுக்கும் ரைஃபிள் வைத்திருக்கும் நண்பர்கள், கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்க்கும் கைவினைஞரிடம்) காத்துக் கிடப்பது பற்றிக் கேட்டவை.

கேள்வி: புதுக் குழல் மாற்றக் கொடுத்தேன். ஆறு மாதம் என்றார், பத்து மாதம் ஓடிவிட்டது. ஏமாற்றுகிறாரா?

பதில்: "குழல் வந்து சேர்ந்துவிட்டதா?" என்று மட்டும் கேளுங்கள். பேர்பெற்ற குழல் பட்டறைகள் பலவற்றில், குண்டைச் சுழலவைக்கும் குழலின் உள்வரிகளை ஒவ்வொன்றாக, மயிரிழையிலும் மெல்லிய சீவலாக இழுத்து இழுத்து வெட்டுகிறார்கள். அங்கேயே நீண்ட வரிசை நிற்கும். குழல் வரவில்லை என்றால் அவரை நோவதில் பயனில்லை. வந்து மூலையில் சாய்ந்திருக்கிறது என்றால், கடைசலில் ஏற்றி மரை வெட்டித் தோட்டா அறை குடைவது ஓரிரு நாள் வேலை. அதற்கு மேல் அவர் சொல்வதெல்லாம் சாக்கு.

கேள்வி: துருவைத் தடுக்க இரும்புக்கு நீலமேற்ற நான்கு மாதமா?

பதில்: ஆகலாம். காஸ்டிக் சோடா கலந்த உப்புக் கரைசலைச் சுமார் 140 டிகிரி செல்சியஸில் கொதிக்கவிட வேண்டும். ஒற்றைத் துப்பாக்கிக்காக யார் தொட்டியைப் பற்றவைப்பார்? ஏழெட்டு சேரட்டும் என்று காத்திருப்பார். நான் ஒருமுறை நச்சரித்து வாங்கிவந்தேன். சரியாக அலசவில்லை போலும். இரண்டே வாரத்தில் திருகுத் துளையோரம் வெள்ளையாக உப்புப் பூத்தது.

கேள்வி: தொலைபேசியை எடுப்பதே இல்லை. கடையை மூடிவிட்டால்?

பதில்: உரிமம் பெற்ற கன்ஸ்மித், இரவு தாண்டித் தன்னிடம் இருக்கும் ஒவ்வொரு துப்பாக்கியையும் வரிசை எண்ணோடு பதிவேட்டில் ஏற்றியாக வேண்டும். ரசீதிலும் அந்த எண் இருக்கட்டும். "முடிந்தாலும் முடியாவிட்டாலும் இந்தத் தேதிக்குள் திருப்பித் தாருங்கள்" என்று பதிவுத் தபாலில் எழுதுங்கள். செய்த வேலைக்குக் கூலியும் தயாராக இருக்கட்டும். வாங்கப் போவது நீங்களாகவே இருங்கள். கொடுத்தவரிடமே திருப்பித் தர 4473 படிவம் (கடையில் துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் அரசுப் படிவம்) வேண்டாம். மச்சானை அனுப்பினால் படிவமும் பின்னணிச் சோதனையும் வரும்.

கேள்வி: முழுத்தொகையும் முன்பணமாகக் கேட்கிறார்.

பதில்: பாகங்களின் விலையைக் கொடுங்கள். கூலி, ரைஃபிள் கைக்கு வந்த பிறகு.

கேள்வி: நவம்பர் மான் வேட்டைக்குச் செப்டம்பரில் கொடுத்தால் கிடைக்குமா?

பதில்: தீபாவளிக்கு முந்தின வாரம் தையற்காரரிடம் துணியை நீட்டிப் பார்த்திருக்கிறீர்களா? அடுத்த பிப்ரவரியில் கொடுங்கள். இந்த ஆண்டுக்கு யாரிடமாவது இரவல் கேளுங்கள்.